டோர்வலில் வீடு காட்டும் நாள்

டோர்வலில் வீடு பார்க்க வருகிறவர் வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே மனதில் ஒரு கேள்வியோடுதான் நிற்பார்: பிளேன் சத்தம் எப்படி? சிலர் வாய்விட்டுக் கேட்பார்கள். பலர் கேட்கமாட்டார்கள். கேட்காதவர் ஐந்து நிமிடத்தில் வீட்டைச் சுற்றிப் பார்த்து, "நல்ல வீடு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவர் ஏன் திரும்பி வரவில்லை என்பது முகவருக்குத் தெரியவே வராது. இந்த அத்தியாயம் பெரும்பாலும் அந்தக் கேட்காத மனிதரைப் பற்றியது. வீட்டைப் பற்றி அவர் பிற்பாடு அறிந்துகொள்ளப்போகும் எதையும் ஓபன் ஹவுஸ் முடிவதற்குள் உங்கள் வாயாலேயே கேட்டுவிட வேண்டும். டோர்வல் போன்ற ஊரில் நல்ல விலைக்கும் சண்டையில்லாத விற்பனைக்கும் இதைவிட நம்பகமான வழியை நான் காணவில்லை.

கியூபெக் சட்டமும் அதையே கேட்கிறது. குடியியல் சட்டத்தின் 1726ஆம் பிரிவின்படி விற்பவர் மறைந்திருக்கும் குறைகளுக்கு எதிராக வாங்குபவருக்கு உத்தரவாதம் தந்தவராகிறார். வெளியே தெரிந்த குறைக்கும் வாங்குபவர் முன்பே அறிந்திருந்த குறைக்கும் அந்தப் பொறுப்பு இல்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வெளிப்படையாகச் சொல்லி, எழுத்திலும் கொடுத்த ஒவ்வொரு குறையும் உங்கள் விற்பனையாளரை இரண்டு வருடம் கழித்து வரக்கூடிய ஒரு வழக்கிலிருந்து காப்பாற்றுகிறது. வீட்டை விற்பவர்களுக்கு இதை முதல் சந்திப்பிலேயே விளக்குங்கள். "சொன்னா விலை குறையும்" என்று பயப்படுகிறவர்கள் இதைக் கேட்டபின் தாங்களாகவே நிலக்கீழ் அறையின் கதையைச் சொல்லத் தொடங்குவார்கள்.

நாளும் நேரமும்

மொன்றியலில் ஓபன் ஹவுஸ் என்றால் பெரும்பாலும் ஞாயிறு பிற்பகல் 2 முதல் 4 வரை. தமிழ்க் குடும்பங்களை எதிர்பார்க்கிற வீட்டுக்கு இந்த நேரத்தில் இன்னொரு வசதியும் இருக்கிறது. பஞ்சாங்கக் கணக்கில் ஞாயிறன்று எமகண்டம் மதியம் 12 முதல் 1.30 வரை, ராகுகாலம் மாலை 4.30 முதல் 6 வரை. இரண்டுக்கும் நடுவில் உங்கள் நேரம் விழுகிறது. சனிக்கிழமை அதே நேரத்தை வைத்தால் 1.30 முதல் 3 வரையான எமகண்டம் பாதியை எடுத்துக்கொள்ளும். மொன்றியல் சூரிய உதயத்துக்கும் கோடைக்கால நேர மாற்றத்துக்கும் ஏற்ப இந்தக் கணக்கு நகரும் என்பதால் உள்ளூர் நாட்காட்டியை ஒருதடவை பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இதில் நம்பிக்கை இருக்க வேண்டியதில்லை. அம்மம்மாவுக்கு இருந்தால் அவர் வரமாட்டார். அவர் பார்க்காத வீட்டை அந்தக் குடும்பம் வாங்காது.

தவிர்க்க வேண்டிய நாட்களும் உண்டு. ஜூன் 24 கியூபெக்கின் தேசிய நாள், ஜூலை 1 ஊரே வீடு மாறுகிற நாள், ஜூலைக் கடைசி இரண்டு வாரங்கள் கட்டுமானத் தொழிலாளர் விடுமுறை. டொலார்-டே-ஓர்மோவில் சென்-ரெஜீஸ் வீதியிலுள்ள திருமுருகன் கோயிலில் தேர் ஓடுகிற ஞாயிறன்று டோர்வலில் வீடு திறந்து வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. டிசம்பரில் பிற்பகல் 4 மணி கழிந்த சிறிது நேரத்திலேயே சூரியன் மறைந்துவிடும். அந்த மாதங்களில் 1 மணிக்குத் தொடங்குங்கள். வீட்டுக்குள் வெளிச்சம் வருகிறது என்பதை வெளிச்சத்தில்தான் காட்ட முடியும்.

வீதியில் வைக்கும் பலகையைப் பற்றி ஒரு வார்த்தை. டோர்வல் 2002 ஜனவரி 1 அன்று மொன்றியலோடு இணைக்கப்பட்டு, மக்கள் வாக்கெடுப்புக்குப் பின் 2006 ஜனவரி 1 அன்று மீண்டும் தனி நகரமானது. எனவே பலகையை எங்கே நடலாம், எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பதை டோர்வல் நகரசபையிடம்தான் கேட்க வேண்டும். மொன்றியலில் பழகிய விதி இங்கே செல்லாது. டோர்வல் இருமொழித் தகுதி பெற்ற நகராட்சி என்றாலும் அந்தச் சலுகை நகரசபைக்குரியது, உங்கள் விளம்பரத்துக்குரியதல்ல. பலகையில் பிரெஞ்சு தெளிவாக மேலோங்கியிருக்க வேண்டும். "விசித் லிப்ர்" என்பது பெரிதாக இருக்கட்டும்; தமிழில் ஒரு வரி சேர்ப்பதானால் அது சிறிதாக இருக்கட்டும்.

பிளேன்

டோர்வல் விமான நிலையம் 1941 செப்டம்பர் 1 அன்று திறக்கப்பட்டது. இன்று அதற்குப் பியர் எலியட் ட்ரூடோவின் பெயர். நீங்கள் விற்கப்போகும் பங்களாக்களில் பெரும்பாலானவை போருக்குப் பிந்திய இருபது வருடங்களில், விமான நிலையம் இருக்கிறது என்று தெரிந்தே கட்டப்பட்டவை. அந்தத் தெருக்களில் மூன்று தலைமுறையாக மனிதர்கள் தூங்கி எழும்புகிறார்கள். சத்தமே இல்லை என்று சொல்லுகிற முகவரும் பொய் சொல்லுகிறார். இருக்கவே முடியாது என்று சொல்லுகிற மாமாவும் மிகைப்படுத்துகிறார். உங்கள் வேலை அந்தத் தெருவின் உண்மையைத் தெரிந்துவைத்திருப்பது.

விமானம் காற்றுக்கு எதிராகத்தான் ஏறும், எதிராகத்தான் இறங்கும். இங்கே புழக்கத்திலுள்ள இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றுக்கொன்று இணையாக, தென்மேற்கிலிருந்து வடகிழக்காகக் கிடக்கின்றன. மேற்கும் தென்மேற்குமாகக் காற்று வீசுகிற நாட்களே இங்கே அதிகம். அந்த நாட்களில் விமானங்கள் வடகிழக்கே சென்-லோரன் பக்கத்திலிருந்து இறங்கி, தென்மேற்கே டோர்வல், புவான்த்-கிளேர் பக்கம் ஏறிப் போகும். காற்று திரும்பினால் எல்லாம் தலைகீழாகும். ஆகவே ஒரே வீடு ஒரு ஞாயிறு அமைதியாகவும் அடுத்த ஞாயிறு இரைச்சலாகவும் இருக்கலாம். ஓடுபாதையின் நேர்கோட்டில் விழுகிற தெருவுக்கும் அதிலிருந்து ஒதுங்கி ஏரிக்கரையில் கிடக்கிற தெருவுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் பெரிது. வீட்டை விற்பனைக்கு எடுத்த வாரத்திலேயே வேறு வேறு காற்று அடிக்கிற நாட்களில் அந்த வீட்டின் பின்வளவில் போய் நின்று பாருங்கள். இதற்குப் பதிலாக எந்த வரைபடமும் போதாது.

வரைபடமும் வேண்டும்தான். விமான நிலைய நிர்வாகம் வெப்டிராக் என்ற இணையக் கருவியைத் திறந்து வைத்திருக்கிறது. எந்த விமானம் எந்த உயரத்தில் எந்தப் பாதையில் போனது என்பதை யாரும் பார்க்கலாம். கனடாப் போக்குவரத்து அமைச்சு விமான இரைச்சலை அளக்க என்.இ.எஃப். என்ற எண்ணைப் பயன்படுத்துகிறது; 30க்கு மேற்பட்ட வலயத்தில் புதிய குடியிருப்புகள் கட்டவேண்டாம் என்பது அதன் பரிந்துரை. வீடு எந்த வலயத்தில் கிடக்கிறது என்பதைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இரவைப் பற்றிய கேள்வியும் கட்டாயம் வரும். 45,000 கிலோவுக்கு மேற்பட்ட ஜெட் விமானங்கள் காலை 7 முதல் நள்ளிரவு வரையே ஏறலாம், காலை 7 முதல் இரவு 1 மணி வரையே இறங்கலாம் என்பது இங்குள்ள விதி. தாமதம், அவசரம் போன்ற காரணங்களுக்கு விலக்கு உண்டு. சிறிய விமானங்களுக்கு இந்தத் தடை பொருந்தாது. விலக்கையும் சேர்த்தே சொல்லுங்கள். "இரவில் ஒண்டும் வராது" என்று நீங்கள் சொன்ன ஒரு வசனம், அவர்கள் குடிவந்த முதல் கிழமையிலேயே பொய்யாகிவிடும்.

அன்றைக்கு என்ன செய்ய வேண்டும்? ஜன்னல்களை இறுக்கமூடி மெல்லிய பாட்டுப் போடுகிற பழக்கத்தை விடுங்கள். சத்தத்தை மறைக்கத்தான் பாட்டு ஓடுகிறது என்பது வருகிறவருக்கு உடனே புரியும், அதன்பின் நீங்கள் சொல்லும் மற்ற எதையும் அவர் நம்பமாட்டார். பின்பக்கக் கதவைத் திறந்து அவரை வெளியே கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே ஐந்து நிமிடம் நின்று கதையுங்கள். விமானம் ஒன்று போனால் பேச்சை நிறுத்தாமல், "இதுதான் சத்தம். இன்றைக்குக் காற்று மேற்கிலிருந்து அடிக்கிறதால் இப்படி ஏறிப் போகுது" என்று சொல்லுங்கள். பிறகு உள்ளே வந்து, ஜன்னலை மூடி, அடுத்த விமானத்துக்குக் காத்திருங்கள். புதிதாகப் போட்ட இரட்டைக் கண்ணாடி ஜன்னலுக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடையாது. போகும்போது, "ஒரு வேலைநாள் பின்னேரம் இந்தத் தெருவில் காரை நிப்பாட்டிப் போட்டு அரை மணித்தியாலம் நடந்து பாருங்கோ" என்று சொல்லி அனுப்புங்கள். அப்படிச் சொல்லுகிற முகவரை அவர்கள் வேறெங்கும் சந்தித்திருக்கமாட்டார்கள்.

ரயிலையும் மறக்காதீர்கள். 20ஆம் நெடுஞ்சாலையை ஒட்டி இரண்டு ரயில் கம்பெனிகளின் தண்டவாளங்கள் பக்கம்பக்கமாக ஓடுகின்றன, சரக்கு வண்டிகளும் போகும். அதே தண்டவாளம்தான் டோர்வலின் பெரிய வசதியும். எக்ஸோ புறநகர் ரயில் நகர நடுவிலுள்ள லூசியன்-லாலியே நிலையத்துக்குக் கொண்டுபோய் விடும். ரொறன்ரோவுக்கும் ஒட்டாவாவுக்கும் போகிற வியா ரயில் இங்கே நிற்கும். ஸ்காபரோவில் தங்கச்சி, பிரம்டனில் மச்சான் என்று சொந்தம் பரந்திருக்கும் குடும்பத்துக்கு இது சிறிய விஷயமல்ல. விமான நிலையத்துக்கு வரவிருக்கும் ஆர்.இ.எம். ரயிலைப் பற்றி மட்டும் அடக்கமாகப் பேசுங்கள். அதன் திறப்புத் தேதி ஏற்கெனவே தள்ளிப்போன ஒன்று. திறக்காத நிலையத்தைக் காட்டி விலை கேட்காதீர்கள்.

வீட்டைத் தயார் செய்தல்

சாமான்களை ஒதுக்குவது, சுவருக்கு வெளிர்நிறம் அடிப்பது, விளக்குகளைப் போட்டு வைப்பது எல்லாம் எந்தக் கையேட்டிலும் இருக்கும். அவற்றை விட்டுவிட்டு நம்மவர் வீடுகளுக்கு உரியதைச் சொல்லுகிறேன்.

வியாழக்கிழமைக்குப் பிறகு மீன் பொரிக்க வேண்டாம் என்று விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காரணத்தையும் மரியாதையாகச் சொல்லுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய அடுப்பு மேல்விசிறியின் வடிகட்டியை மாற்றச் சொல்லுங்கள், அது சில டாலர் வேலை. வாசனைத் தெளிப்பான் கூடாது. கறி மணத்தைவிட, கறி மணத்தை மூடியிருக்கும் எலுமிச்சை மணம் அதிகம் சந்தேகம் தரும். ஜன்னலைத் திறந்து வைத்தாலே போதும்.

சாமித் தட்டை எடுக்கச் சொல்லலாமா என்று இளம் முகவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். நான் எடுக்கச் சொல்வதில்லை. அது விற்பவரின் முடிவு. அந்த வீட்டில் அவர்கள் இன்னும் வாழ்கிறார்கள். இரண்டு மணி நேரப் பார்வைக்காக ஒரு குடும்பம் தன் கடவுளை அலுமாரிக்குள் வைக்க வேண்டிய அவசியம் எந்த விற்பனையிலும் இல்லை. ஆனால் விளக்குப் புகை ஏறிக் கறுத்த சுவரையும் கூரையையும் துடைத்து, தேவையென்றால் வெள்ளையடிக்க வேண்டும். தெரியாதவர் கண்ணுக்கு அது தீப்பிடித்த தடம்போல இருக்கும். நகை, கடவுச்சீட்டு, வங்கிக் கடிதங்கள், மருந்துகள் ஆகியவற்றை விற்பவர் அன்று தன்னோடு கொண்டுபோய்விட வேண்டும். மருந்து அலுமாரியைத் திறந்து பார்க்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

விற்பவர் வீட்டில் நிற்கக்கூடாது. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அப்பா சோபாவில் இருந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தால் வருகிற குடும்பம் குரலைத் தாழ்த்தி, அறைகளை எட்டிப் பார்த்து, வெளியேறிவிடும். வீட்டைக் குறை சொல்லிப் பேசிப் பார்ப்பதற்கும் அவர்களுக்கு இடம் வேண்டும். குறை சொல்லிப் பார்த்தவர்தான் வாங்குகிறார்.

இனி நிலக்கீழ் அறை. டோர்வலில் ஒரு வீடு விற்பதும் விற்காமல் போவதும் அநேகமாக அங்கேதான் முடிவாகிறது. 2024 ஆகஸ்ட் 9 அன்று டெபி சூறாவளியின் மிச்சம் மொன்றியல் மீது கொட்டித் தீர்த்தது. விமான நிலைய மழைமானியில் அந்த ஒரு நாளில் 150 மில்லிமீற்றருக்கு மேல் பதிவானது. தீவு முழுவதும் ஆயிரக்கணக்கான வீடுகளில் சாக்கடைத் தண்ணீர் கீழ் அறைக்கு ஏறியது. அதன்பின் இந்தப் பக்கத்தில் வீடு பார்க்க வருகிறவர் எவரும் கீழே இறங்கியதும் முதலில் மூக்கால்தான் பார்க்கிறார். அந்த நாளில் இந்த வீட்டுக்கு என்ன நடந்தது என்பதைக் கேளாமலே சொல்லுங்கள். தண்ணீர் வரவில்லையென்றால் அதைச் சொல்லுங்கள். வந்திருந்தால் எவ்வளவு வந்தது, யார் காயவைத்தது, எந்தச் சுவரை வெட்டி மாற்றினார்கள், காப்புறுதி என்ன கொடுத்தது, பின்னோட்டத் தடுப்பு வால்வு எப்போது போட்டார்கள் என்று சொல்லி, பில்களையும் படங்களையும் மேசையில் வையுங்கள். சரிசெய்யப்பட்ட கீழ் அறையை நான் மறைத்து வைக்கச் சொல்லவேமாட்டேன். பில்லோடு காட்டப்பட்ட பழைய வெள்ளம், யாரும் பேசாத ஈரமணத்தைவிடக் குறைவாகவே பயமுறுத்தும். சம்ப் பம்ப் இருந்தால் மூடியைத் திறந்து காட்டுங்கள். அத்திவாரத்தில் வெடிப்பு இருந்தால் அதற்கு முன்னால் பெட்டிகளை அடுக்கி வைக்காதீர்கள். அடுக்கியிருந்தால் நீங்களே நகர்த்துங்கள். மொன்றியல் தீவின் மேற்குப் பகுதியில் பல வீடுகளில் கொங்கிரீட் தரைக்குக் கீழே நிரப்பிய கல்லில் பைரைட் இருக்கிறது; அது ஈரத்தில் வீங்கித் தரையைத் தூக்கும். சோதனை அறிக்கை இருந்தால் அதுவும் மேசைக்கு வரட்டும்.

கீழ் அறையைத் தனிக் குடித்தனமாக வாடகைக்கு விடலாமா என்ற கேள்வி தமிழ்க் குடும்பங்களிடமிருந்து கட்டாயம் வரும். நகரசபையின் அனுமதி எழுத்தில் இல்லாத வரையில் "விடலாம்" என்று சொல்லாதீர்கள். கீழே ஒரு அடுப்பும் குளியலறையும் இருப்பதனால் அது சட்டப்படி இரண்டாவது வீடாகிவிடாது.

மாரிகாலத்தில் வீட்டைக் காட்டுவதானால் படிகளில் பனி வழித்து உப்புப் போடுங்கள், ஈரச் சப்பாத்துகளுக்கு நீளமான தட்டு வையுங்கள், கோடையில் எடுத்த பின்வளவுப் படங்களைச் சுவரில் ஒட்டி வையுங்கள். பனி மூடிய கூரையை எவரும் பார்க்க முடியாது. அதனால் கூரை எந்த வருடம் மாற்றியது என்பதற்கான பில் அந்த மாதங்களில் இரட்டிப்புப் பெறுமதி உடையது.

மேசையில் வைக்க வேண்டிய தாள்கள்

முதல் தாள் விற்பவரின் அறிவிப்புப் படிவம். முகவர் வழியாக விற்கப்படும் வீடுகளுக்கு இது 2012 ஜூலை 1 முதல் கட்டாயம். அடுத்து, வீட்டின் இன்றைய நிலையைக் காட்டும் நில அளவையாளரின் சான்று. பின்வளவில் பிறகு கட்டிய மரத்தளமோ கொட்டிலோ அதில் இல்லையென்றால் புதியதற்கு இப்போதே சொல்லிவையுங்கள். பிறகு நகர வரி, பள்ளி வரி ரசீதுகள், ஹைட்ரோ-கியூபெக் மின்கணக்கு, திருத்த வேலைகளின் பில்கள். சொத்துரிமை மாற்ற வரியைத் தோராயமாகக் கணக்கிட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். முதல் வீடு வாங்குகிறவர்கள் முற்பணத்தைச் சேர்த்துவிட்டு இந்தப் பணத்தை மறந்திருப்பார்கள். முற்பணம் 20 வீதத்துக்குக் குறைந்தால் எடுக்க வேண்டிய கடன் காப்புறுதியின் மீதான கியூபெக் வரியையும் மறந்திருப்பார்கள். அதைக் கடனோடு சேர்க்க முடியாது, கையிலிருந்து கட்ட வேண்டும்.

இறுதி உறுதிப்பத்திரம் நொத்தாரிஸ் முன்னால் கையெழுத்தாகும். 2022 செப்டம்பர் 1 முதல் நிலப் பதிவேட்டுக்குப் போகும் பத்திரங்கள் பிரெஞ்சில்தான் இருக்க வேண்டும். பிரெஞ்சு தெரியாதவருக்கு இதை முன்கூட்டியே சொல்லி, விளங்கப்படுத்தக்கூடிய நொத்தாரிஸைத் தேடிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இரண்டு மணி நேரம்

வாசலில் நில்லுங்கள். தமிழ்க் குடும்பம் தனியாக வராது. அப்பா, அம்மா, பிள்ளைகள், அம்மம்மா, வீடு கட்டிய அனுபவமுள்ள ஒரு மாமா என்று வரும். முதல் வணக்கம் மூத்தவருக்கு. ஆனால் விளக்கத்தை ஆணைப் பார்த்து மட்டும் சொல்லாதீர்கள். வீட்டுக் கடனில் பாதி அந்தப் பெண்ணின் சம்பளம். சமையலறை, பள்ளிக்கூடம், பஸ் தரிப்பிடம் எல்லாவற்றையும் அவர் ஏற்கெனவே தேடிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பார். எத்தனை பேர் வந்தாலும் ஒரு குழுவாகக் கூட்டிச் செல்லுங்கள். வீடு நிறைந்து போகும் என்று தெரிந்தால் உரிமம் உள்ள இன்னொரு முகவரைத் துணைக்கு அழையுங்கள். உரிமம் இல்லாத தம்பியோ உதவியாளரோ கதவைத் திறந்து வரவேற்கலாம். வீட்டைப் பற்றிய விளக்கமும் விலைப்பேச்சும் அவர்கள் வேலையல்ல.

பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதும் கொப்பியை வைப்பதானால் எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதை அதன் மேலேயே எழுதுங்கள். தனிநபர் தகவலைக் காக்கும் கியூபெக்கின் 25ஆம் இலக்கச் சட்டம் 2022 செப்டம்பரிலிருந்து படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. விற்பவரின் பாதுகாப்புக்காக என்று சொல்லி வாங்கிய எண்ணுக்கு அடுத்த மாதம் விளம்பரம் அனுப்ப முடியாது. அதற்கு வேறு கட்டம், வேறு சம்மதம்.

இனி மிக முக்கியமான பேச்சு. சுற்றிப் பார்த்து முடிந்ததும் அப்பா உங்களைத் தனியே கூப்பிடுவார்: "நீங்களும் எங்கட ஆள்தானே, ரெண்டு பக்கத்தையும் நீங்களே பாருங்கோவன்." இதில் அன்பும் இருக்கிறது, கொமிஷனில் கொஞ்சம் மிச்சப்படும் என்ற எண்ணமும் இருக்கிறது. 2022 ஜூன் 10 முதல் கியூபெக்கில் குடியிருப்பு வீட்டு விற்பனையில் ஒரே முகவர் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் பிரதிநிதியாக இருக்க முடியாது. முகவர்களை ஒழுங்குபடுத்தும் ஓ.ஏ.சி.ஐ.க்யூ. அமைப்பு இதில் கண்டிப்பாக இருக்கிறது. ஆனால் சட்டத்தைக் காட்டி அவரை ஒதுக்கிவிடாதீர்கள். இப்படிச் சொல்லலாம்: "அண்ணை, நான் இந்த வீட்டை விக்கிறவருக்காக வேலை செய்யிறன். உங்கட பக்கம் நிண்டு பேசுறதுக்கு உங்களுக்கெண்டு ஒரு ஆள் வேணும். வீட்டைப் பற்றி எனக்குத் தெரிஞ்ச எல்லாத்தையும் உங்களுக்கும் ஒளிக்காமல் சொல்லுவன். என்ன விலை போடலாம் எண்டு மட்டும் என்னட்டக் கேளாதேங்கோ." இந்த நாலு வசனங்களைப் பாடமாக்கி வைத்துக்கொள்ளுங்கள். அவர் முகவர் இல்லாமலே ஓஃபர் போட முடிவு செய்தாலும் நீங்கள் அவரை நியாயமாக நடத்தக் கடமைப்பட்டவர். நீங்கள் விற்பவரின் பிரதிநிதி என்பதை அவருக்கு எழுத்திலும் தெரிவித்துவிட வேண்டும்.

"இந்தப் பக்கம் எங்கட ஆக்கள் இருக்கினமோ?" என்ற கேள்வியும் வரும். ஒரு தெருவில் எந்த இனத்தவர் இருக்கிறார்கள், எவர் இல்லை என்று சொல்லி வீடு விற்பதோ வாங்கவிடாமல் திருப்புவதோ கூடாது; கியூபெக் உரிமைச் சாசனம் இனம், மொழி, பிறந்த நாடு ஆகியவற்றின் பேரிலான பாகுபாட்டைத் தடை செய்கிறது. கேட்பவரின் மனதில் இருப்பது பெரும்பாலும் தனிமை பற்றிய பயம். கோயிலுக்குக் காரில் எவ்வளவு நேரம், தமிழ்க் கடைக்கு எந்த வழி என்ற உண்மைகளைச் சொல்லுங்கள். டொலார்-டே-ஓர்மோக் கோயில் இங்கிருந்து அதிக தூரமில்லை என்பதே பல குடும்பங்களை டோர்வல் பக்கம் கொண்டுவருகிறது.

"இந்த வீட்டில ஆரும் செத்தவையோ?" என்று அம்மம்மா கேட்பார். அதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். தற்கொலையோ வன்முறைச் சாவோ நடந்திருந்தால் அதைக் கியூபெக்கில் தெரிவிக்க வேண்டும். விற்பவரின் அறிவிப்புப் படிவத்திலேயே அந்தக் கேள்வி இருக்கிறது. முதுமையில் இயல்பாக இறந்ததைத் தெரிவிக்கும் கடமை இல்லை. படிவத்தில் உள்ள பதிலைக் காட்டுங்கள். உங்களுக்குத் தெரியாததை "இல்லை" என்று சொல்லாதீர்கள்.

பள்ளிக்கூடம் பற்றிய பதிலைத் திருத்தமாகத் தெரிந்து வைத்திருங்கள், ஏனெனில் இங்கே தவறான பதில் ஒரு பிள்ளையின் படிப்பைப் பாதிக்கும். டோர்வலில் லெஸ்டர் பி. பியர்சன் பள்ளிச் சபையின் ஆங்கிலத் தொடக்கப் பள்ளியும் இருக்கிறது, டோர்வல்-ஜான்-23 என்ற பிரெஞ்சு இடைநிலைப் பள்ளியும் இருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்தில் ஆங்கிலப் பள்ளி இருப்பதால் பிள்ளை அங்கே சேர முடியும் என்று ஆகாது. 1977இன் 101ஆம் சட்டப்படி, அரச ஆங்கிலப் பள்ளிக்குத் தகுதிச் சான்று வேண்டும். யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ ஆங்கிலத்தில் படித்த பெற்றோருக்கு அது கிடைக்காது. மொன்றியலில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்து வளர்ந்த இரண்டாம் தலைமுறைக்கும் பெரும்பாலும் கிடைக்காது. ஆனால் ரொறன்ரோவில் வளர்ந்து தொடக்கக் கல்வியின் பெரும்பகுதியை ஆங்கிலத்தில் படித்த, கனடியக் குடியுரிமையுள்ள பெற்றோரின் பிள்ளைக்குக் கிடைக்கலாம். ஒன்ராறியோவிலிருந்து திரும்பி வருகிற இளம் குடும்பங்கள் இதை அறியாமலே வருகின்றன.

வாசல் எந்தத் திசை என்று கேட்பவருக்குத் திசைகாட்டியைக் கையில் எடுத்துக் காட்டுங்கள். கிழக்கு என்று குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். மொன்றியல்காரர் "வடக்கு" என்று வாய்ப்பழக்கத்தில் சொல்லுகிற திசை திசைகாட்டியில் வேறு எங்கோ நிற்கும். எதிர்வீட்டுக்காரர் சும்மா பார்க்க வந்தால் அவரையும் உட்காரவைத்துப் பேசுங்கள். அவர் அந்தத் தெருவில் நாற்பது வருடம் இருந்தவராக இருக்கலாம். விமானத்தைப் பற்றி வாங்குபவர் நம்பும் சாட்சி அவர்தான், அடுத்து விற்கப்போகிறவரும் அவராக இருக்கலாம்.

திங்கட்கிழமை

ஞாயிறு இரவே விற்பவரை அழைத்து எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட என்ன சொன்னார்கள் என்பதைச் சொல்லுங்கள். மூன்று குடும்பங்கள் கீழ் அறையின் ஈரமணத்தைச் சொல்லியிருந்தால் அது விலையைக் குறைப்பதற்கு முன் ஒரு ஈரநீக்கி வாங்கவேண்டிய செய்தி. பலர் வந்தும் ஒருவரும் திரும்ப அழைக்கவில்லையென்றால் விலையைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் அது.

சம்மதம் தந்தவர்களை அடுத்த நாள் அழையுங்கள். "ஓஃபர் போடுறீங்களோ?" என்று தொடங்க வேண்டாம். அவர்கள் கேட்டு உங்களுக்குப் பதில் தெரியாமல் போன ஒன்றைக் குறித்து வைத்திருப்பீர்கள் அல்லவா, அந்தப் பதிலோடு அழையுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட ஓஃபர்கள் வந்தால் வேறு ஓஃபர் இருக்கிறது என்பதை எல்லாத் தரப்புக்கும் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். அதிலுள்ள விலையையும் நிபந்தனையையும் எவருக்கும் சொல்லக்கூடாது. சொந்தக்காரருக்கும் கூடாது. வீட்டுப் பரிசோதனை நிபந்தனையை விட்டுவிடச் சொல்லி எந்த வாங்குபவரையும் தூண்டாதீர்கள். பரிசோதனை செய்யுமாறு பரிந்துரைப்பது உங்கள் கடமை.

கையளிக்கும் தேதியைப் பேசும்போது விற்பவரிடம் கொஞ்சம் இடைவெளி கேட்டு வையுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் தமிழ்க் குடும்பம் குடிபூரல் வைக்காது. ஜூலை நடுப்பகுதிக்கு முன்னரோ ஆகஸ்ட் நடுப்பகுதிக்குப் பின்னரோ திறப்பு கிடைக்குமென்றால், இரண்டு ஓஃபர்களுக்கு இடையில் தயங்குகிற ஒரு குடும்பம் அந்த ஒன்றுக்காகவே கையெழுத்து வைக்கும்.